கரைவலைச் சூடையும் செவுள்வலைச் சூடையும்: இரண்டு மாதிரிகளின் பரவலை ஒப்பிடுவது எப்படி

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கரைவலையில் வந்த சூடை மீனில் பத்து எடுக்கிறீர்கள். அதே காலையில் படகில் போனவர்கள் செவுள்வலையில் பிடித்துவந்த சூடையிலும் பத்து எடுக்கிறீர்கள். இரண்டையும் அளந்து சராசரி பார்த்தால் இரண்டுக்கும் 15 சென்ரிமீற்றர் வருகிறது. அப்போது இரண்டு வலையும் ஒரே மாதிரி மீனைத்தான் பிடிக்கின்றன என்று எழுதிவிடலாமா? கனபேர் எழுதுகிறார்கள். பாடசாலைச் செயற்றிட்டத்திலும் வரும், பல்கலைக்கழக அறிக்கையிலும் வரும். ஆனால் திருமலைச் சந்தையில் மீன் வாங்குகிற ஒருவரைக் கேட்டால், ஒரு கூடையில் எல்லாம் ஒரே அளவு, மற்றதில் பொடியும் பெரிதும் கலந்து கிடக்கிறது, இரண்டுக்கும் ஒரே விலை எப்படிக் கொடுப்பது என்று உடனே சொல்லிவிடுவார். அவர் கண்ணால் கண்டதை எண்ணிலும் படத்திலும் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே விஷயம்.

கீழே வருகிற எண்கள் எல்லாம் கணக்கு வடிவாக விளங்குவதற்காக நான் அமைத்தவை, கடலில் போய் அளந்தவை அல்ல. ஆனால் வலைகளின் குணம் உண்மையானது. கரைவலை வளைத்துப் போட்டு இழுக்கிற வலை, அதன் மடியில் கண் சிறியது, வளைப்புக்குள் அகப்பட்ட பெரும்பாலானது கரைக்கு வந்துவிடும். செவுள்வலையில் மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டவேண்டும். சிறியது கண்ணுக்குள்ளால் போய்விடும், பெரியதுக்குத் தலை உள்ளே போகாது, வலைக்கண்ணுக்குப் பொருத்தமான அளவுதான் கூடுதலாக மாட்டும். அதனால் செவுள்வலை மீனில் அளவு வித்தியாசம் குறைவாக இருப்பதை எதிர்பார்க்கலாம்.

கரைவலை: 11, 12, 13, 14, 15, 15, 16, 17, 18, 19
செவுள்வலை: 14, 14, 14, 15, 15, 15, 15, 16, 16, 16

இரண்டின் கூட்டுத்தொகையும் 150, இடை, அதாவது சராசரி, 15.

அளப்பதில் இருந்தே தொடங்குங்கள்

கணக்குக்கு முன்னால் ஒரு விஷயம், இதில் அவசரப்பட்டால் பின்னால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. விற்கிறவர் பெரிய மீனைக் கூடையின் மேலே அடுக்குவது வழக்கம். மேலே இருக்கிற பத்தை அள்ளினால் உங்களுக்கு வருவது பெரிய மீன்களின் மாதிரி, கூடையின் மாதிரி அல்ல. இடையும் ஏறும், பரவலும் சுருங்கும். கூடையைக் கவிழ்த்துக் கலந்துவிட்டு எடுங்கள், முடியாவிட்டால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் கையை விட்டு எடுங்கள்.

ஒரு பலகையில் அடிமட்டத்தை ஒட்டி, பூச்சியம் இருக்கிற முனையில் சின்னக் கட்டை ஒன்றை அறையுங்கள். மீனின் வாயை மூடி, மூக்கு கட்டையில் முட்டும்படி வைத்து, வாலின் நடுப்பிளவு வரை வாசியுங்கள். வால் நுனி வரையும் அளக்கலாம், ஆனால் சூடையின் வால்நுனி வலையிலும் கூடையிலும் நசிந்து உடைந்திருக்கும், எனக்குப் பிளவுதான் பாதுகாப்பாகப் படுகிறது. எதை எடுத்தாலும் எல்லா மீனுக்கும் அதையே எடுக்கவேண்டும். கரைவலை மீனை ஒருவர் பிளவு வரையும் செவுள்வலை மீனை இன்னொருவர் நுனி வரையும் அளந்தால் நீங்கள் ஒப்பிடுவது வலைகளை அல்ல, அளந்தவர்களை. அரைகுறையாக அளந்தால் அந்தப் பிழையும் மீனின் வித்தியாசத்தோடு சேர்ந்து நியம விலகலை, அதாவது பரவலை அளக்கிற எண்ணை, ஊதிவிடும். 13.8ஐயும் 16.3ஐயும் 15 என்று சொல்லிக்கொண்டே போகிறவர் அளந்த தரவில் 10, 15, 20 என்ற இடங்களில் மட்டும் தூண்கள் தனியாக எழும்பி நிற்பதைப் பிறகு வரையத்தில் பார்ப்பீர்கள். மீனுக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை, அது அளந்தவரின் கை.

நியம விலகல், கையால் ஒரு தடவை

கல்குலேட்டர் இருக்கிறது, எக்செல் இருக்கிறது, இருந்தாலும் ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள், அப்போதுதான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது மனதில் நிற்கும்.

கரைவலையை எடுப்போம். ஒவ்வொரு மீனும் 15இல் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதுங்கள்: −4, −3, −2, −1, 0, 0, 1, 2, 3, 4. இவற்றைக் கூட்டினால் பூச்சியம்தான் வரும், எந்தத் தரவுக்கும் அப்படித்தான், ஏனென்றால் இடை என்பதே இரண்டு பக்கமும் சமப்படுகிற இடம். அதனால் வர்க்கிக்கிறோம்: 16, 9, 4, 1, 0, 0, 1, 4, 9, 16. கூட்டுத்தொகை 60. இதை 9ஆல் பிரித்தால் 6.67, இதுதான் மாறற்றிறன். இதன் அலகு சதுர சென்ரிமீற்றர், மீனின் நீளத்தைச் சதுர சென்ரிமீற்றரில் யாரும் கதைப்பதில்லை, ஆகவே வர்க்கமூலம் எடுத்தால் 2.58 சென்ரிமீற்றர். நியம விலகல் அதுதான்.

செவுள்வலைக்கு விலகல்கள் −1 மூன்று, 0 நான்கு, 1 மூன்று. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6. ஒன்பதால் பிரித்தால் 0.67, வர்க்கமூலம் 0.82 சென்ரிமீற்றர்.

கரைவலையின் 60இல் 32, பாதிக்கும் மேல், 11, 19 என்ற இரண்டே இரண்டு மீன்களில் இருந்து வருகிறது. வர்க்கிப்பதால் தூரத்தில் நிற்பவற்றின் குரல் பெரிதாகக் கேட்கும். இது நல்லதும்தான், சில நேரம் கெடுதலும்தான், கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பத்து மீனுக்கு ஏன் 9ஆல் பிரித்தோம்? எங்களுக்குத் தெரியவேண்டியது இந்தப் பத்து மீனின் பரவல் அல்ல, இவை வந்த முழுக் குடித்தொகையின், அதாவது மாதிரி எடுத்த முழு மீன்கூட்டத்தின், பரவல். அந்தக் குடித்தொகையின் உண்மையான இடை எங்கே என்று தெரியாததால் மாதிரியின் சொந்த இடையில் இருந்து தூரத்தை அளக்கிறோம். மாதிரியின் இடை அந்த மாதிரிக்கு நடுவிலேயே குந்தியிருக்கிறது, அதனால் அங்கிருந்து அளக்கிற வர்க்கங்களின் கூட்டுத்தொகை, உண்மையான இடையில் இருந்து அளந்தால் வருவதைவிட ஒருபோதும் கூடுதலாக வராது, அநேகமாகக் குறைவாகத்தான் இருக்கும். ஒன்பது விலகல் தெரிந்தால் பத்தாவது தானாகத் தெரிந்துவிடுகிறது, சுதந்திரமாக நிற்பவை ஒன்பதுதான். 9ஆல் பிரிப்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது. நூறு மீன் என்றால் 100ஆல் பிரித்தாலும் 99ஆல் பிரித்தாலும் நியம விலகலில் அரை வீதம்தான் மாறும், பத்து மீனில் அது கண்ணுக்குத் தெரியும்.

கருவிகளில் சறுக்குகிற இடமும் இதுதான். எக்செலில் ஸ்டிடெவ் என்று தொடங்கும் கட்டளைகளில் எஸ் என்று முடிவது மாதிரிக்கு, பி என்று முடிவது முழுக் குடித்தொகைக்கு. கசியோ கல்குலேட்டரில் எஸ் எக்ஸ் என்பது மாதிரிக்கு, சிக்மா எக்ஸ் என்பது குடித்தொகைக்கு. எதை அமத்துகிறோம் என்று சந்தேகம் வந்தால் மேலே உள்ள செவுள்வலை எண்களைப் போட்டுப் பாருங்கள். 0.82 வந்தால் சரியான இடம், 0.77 வந்தால் 10ஆல் பிரித்திருக்கிறது. இரண்டு மாதிரியை ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஒரு பொத்தானும் மற்றதுக்கு வேறு பொத்தானும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, 2.58க்கும் 0.82க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். வேலை முடிந்ததா? இல்லை. இன்னும் ஒன்றை நாங்கள் பார்க்கவே இல்லை.

ஒரே நியம விலகல், மூன்று வேறு கூடை

இன்னும் இரண்டு கூடை மீனை எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது கூடை: 12, 12, 13, 13, 13, 17, 17, 17, 18, 18
நான்காவது கூடை: 13, 14, 14, 14, 14, 14, 14, 15, 16, 22

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடை 15. இரண்டுக்கும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 60. நியம விலகல் 2.58, கரைவலைக்கு வந்த அதே எண், ஒரு தசமம்கூட மாறவில்லை. அறிக்கையில் இடையும் நியம விலகலும் மட்டும் போட்டால் இந்த மூன்று கூடையையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வழியே இல்லை. இப்போது ஒரு மீனுக்கு ஒரு புள்ளி வைத்து வரையுங்கள்.

கரைவலை
11 ●
12 ●
13 ●
14 ●
15 ●●
16 ●
17 ●
18 ●
19 ●

மூன்றாவது கூடை
12 ●●
13 ●●●
14
15
16
17 ●●●
18 ●●

நான்காவது கூடை
13 ●
14 ●●●●●●
15 ●
16 ●
17
18
19
20
21
22 ●

மூன்றாவது கூடையில் இடை 15, ஆனால் 15 சென்ரிமீற்றர் மீன் ஒன்றுகூட அதில் இல்லை. இரண்டு மேடு, நடுவில் வெறுமை. இது இரண்டு வயதுக் கூட்டங்கள் ஒரே கூடையில் விழுந்த கதையாக இருக்கலாம், இரண்டு படகின் மீனை ஒன்றாகக் கொட்டியதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டால் ஒவ்வொன்றின் நியம விலகலும் 0.55தான், செவுள்வலையைவிடக் குறைவு! அதாவது அந்த 2.58 சொன்னது மீன்கள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைவிட, இரண்டு கூட்டத்துக்கு இடையில் எவ்வளவு தூரம் என்பதைத்தான். மீன்வள ஆய்வாளர்கள் நீள வரையத்தில் தெரிகிற மேடுகளை வைத்தே வயதுக் கூட்டங்களைப் பிரிப்பார்கள், டென்மார்க்கின் பீற்றர்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிவைத்த முறை அது. ஒற்றை நியம விலகலை மட்டும் பார்த்திருந்தால் அந்த முறையே பிறந்திருக்காது.

நான்காவது கூடையில் ஒன்பது மீன் நெருங்கி நிற்க, ஒன்று மட்டும் 22இல். அந்த ஒன்றை எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் நியம விலகல் 0.83க்கு இறங்கிவிடும். முன்னே சொன்ன அந்தப் பெரிய குரல் இதுதான். அப்படியானால் அதைத் தூக்கி எறிந்துவிடலாமா? முதலில் மீனைப் போய்ப் பாருங்கள். 12ஐ 22 என்று எழுதிவிட்டார்களா, சூடையோடு வேறு இன மீன் ஒன்று கலந்துவிட்டதா, அல்லது உண்மையிலேயே பெரிய சூடையா. எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள், வேறு இனம் என்றால் விலக்கி அதைச் சொல்லுங்கள், உண்மையான மீன் என்றால் அது இருக்கட்டும், அதோடும் அது இல்லாமலும் வருகிற இரண்டு எண்ணையும் கொடுங்கள். நியம விலகல் பெரிதாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு மீனை நீக்குவது நேர்மையில்லை.

1973இல் பிரான்சிஸ் அன்ஸ்கம் என்ற புள்ளிவிவரவியலாளர் இப்படியே நான்கு தரவுத்தொகுதிகளை அமைத்துக் காட்டினார், அவற்றில் இடைகளும் மாறற்றிறன்களும் இணைவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) நடைமுறையில் ஒன்றேதான், வரைந்தால் நான்கும் நான்கு முகம். அதனால் நான் எப்போதும் சொல்கிற ஒழுங்கு இதுதான்: முதலில் படம், பிறகு எண். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் படத்தில் அந்த எண்ணைத்தான் தேடுவோம்.

வலையுரு வரையத்தை வரையும்போது

பத்து மீனுக்குப் புள்ளி போதும். நாற்பது, ஐம்பது என்று வந்தால்தான் வலையுரு வரையம், அதாவது நீளங்களை வகுப்புகளாகப் பிரித்துத் தூண்களாகப் போடுகிற படம், பேசத் தொடங்கும். அப்போது முதலில் வரும் கேள்வி வகுப்பாயிடை எவ்வளவு அகலம் என்பது. ஸ்டேர்ஜஸ் 1926இல் சொன்ன விதிப்படி 40 தரவுக்கு ஆறு அல்லது ஏழு வகுப்பு வரும். தரவின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தாலும் ஏறத்தாழ அதேதான். இவை தொடக்கத்துக்கு மட்டும், சட்டம் இல்லை. தரவு எண்ணிக்கை பெரிதானால் ஸ்டேர்ஜஸ் விதி வகுப்புகளைக் குறைத்துக் கொடுத்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

அகலத்தைவிட ஆபத்தானது தொடக்கப் புள்ளி, இதை யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது கூடையை 3 சென்ரிமீற்றர் அகல வகுப்புகளாகப் பிரிப்போம். 10இல் இருந்து தொடங்கினால் 10–12இல் 2 மீன், 13–15இல் 3, 16–18இல் 5. படம் வலப்பக்கம் ஏறிக்கொண்டே போகிறது, பெரிய மீன்தான் கூட என்று எழுதத் தோன்றும். அதே மீன்களை, அதே அகலத்தில், 12இல் இருந்து தொடங்குங்கள். 12–14இல் 5, 15–17இல் 3, 18–20இல் 2. இப்போது படம் வலப்பக்கம் இறங்குகிறது! இரண்டு படத்திலும் உண்மையான இரண்டு மேடு காணாமலே போய்விட்டது. ஒரு மீனும் மாறவில்லை, கோடு போட்ட இடம்தான் மாறியது.

ஆகவே ஒரே ஒரு வரையத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அகலத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றி, தொடக்கத்தையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். எல்லாவற்றிலும் நிலைத்து நிற்கிற உருவத்தை நம்பலாம், ஒன்றில் வந்து மற்றதில் மறைவதை நம்பவேண்டாம். சரியாக 15 என்று வருகிற மீன் எந்த வகுப்பில் போகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். முழுச் சென்ரிமீற்றரில் அளந்திருந்தால் எல்லைகளை 10.5, 11.5 என்று அரையில் போட்டால் சண்டையே வராது. தூண்களுக்கு இடையில் இடைவெளி விடக்கூடாது, நீளம் தொடர்ச்சியான அளவு. வகுப்புகளின் அகலம் சமமில்லை என்றால் மீடிறனை (அந்த வகுப்பில் விழுந்த எண்ணிக்கையை) அகலத்தால் பிரித்துத்தான் உயரம் போடவேண்டும், பரப்புத்தான் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். சாதாரண தரத்தில் படித்ததுதான், இருந்தாலும் அறிக்கைகளில் இது தவறிப்போவதைப் பார்க்கலாம்.

இரண்டு மாதிரியை ஒப்பிடுவதென்றால் இரண்டு வரையத்துக்கும் கிடை அச்சு ஒரே எல்லையில் இருக்கவேண்டும், வகுப்புகளும் ஒன்றாக இருக்கவேண்டும். எக்செலின் வலையுரு வரையம் இங்கேதான் காலை வாரும். ஒவ்வொரு தரவுக்கும் தானே வசதியான அகலத்தை எடுத்துக்கொள்ளும், அச்சையும் தரவு நிறைகிற மாதிரி இழுத்துவிடும். விளைவு, 14–16க்குள் அடங்குகிற செவுள்வலையும் 11–19 வரை விரிகிற கரைவலையும் தாளில் ஒரே அகலமாகத் தெரியும். அச்சில் சொடுக்கி, வகுப்பு அகலத்தை நீங்களே எழுதுங்கள். அதுவும் சரிவராவிட்டால் மீடிறனை அட்டவணையில் எண்ணி, நிரல் வரைபடமாகப் போட்டு இடைவெளியைப் பூச்சியமாக்கிவிடுங்கள், முழுக் கட்டுப்பாடும் உங்கள் கையில் இருக்கும்.

வரையங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். பரவல் என்பது கிடையாக ஓடுகிற விஷயம், மேலும் கீழுமாக வைத்தால் கண் நேரே இறங்கி ஒப்பிடும். ஒன்றில் 40 மீன், மற்றதில் 100 மீன் என்றால் நிலைக்குத்து அச்சில் எண்ணிக்கைக்குப் பதில் வீதத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் நூறு மீன் உள்ள படம் உயரத்தாலேயே மற்றதை விழுங்கிவிடும்.

இனி வாசிப்பது. பிள்ளைகள் கூடுதலாக விழுகிற குழி ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தூண்கள் ஏறி இறங்கி இருந்தால் மாறல் கூட, ஏறத்தாழ ஒரே உயரமாக இருந்தால் மாறல் குறைவு என்று நினைப்பது. மேலே கரைவலைப் படத்தைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாத் தூணும் ஒரே உயரம், சமமாக அமைதியாகத் தெரிகிறது. நான்காவது கூடையில் 14இல் மட்டும் ஆறு புள்ளி, மற்றதெல்லாம் ஒன்று, இல்லையென்றால் வெறுமை. முதலாவதில் மாறல் குறைவு என்று கை தூக்குவார்கள். தூணின் உயரம் என்ன சொல்கிறது? அந்த நீளத்தில் எத்தனை மீன் என்று. மீன்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சொல்வது தூண்கள் கிடை அச்சில் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன என்பதும், நடுவில் இருந்து தள்ளி எவ்வளவு மீன் நிற்கின்றன என்பதும்தான். ஒரே உயரத் தூண்கள் என்றால் மீன் எல்லா நீளத்திலும் சிதறிக் கிடக்கிறது என்று அர்த்தம், அது பெரிய பரவல். ஒரு தூண் மட்டும் உயர்ந்து நின்றால் பெரும்பாலான மீன் ஒரே அளவு. இதை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் பிறகு மறக்காது.

இதோடு இன்னொன்று. இடைக்கு இரண்டு பக்கமும் ஒரு நியம விலகலுக்குள் 68 வீதம் வரும் என்பதை மனப்பாடமாகச் சொல்வோம். அது மணி வடிவப் பரம்பலுக்கு மட்டும். எங்கள் கரைவலையில் 12.42க்கும் 17.58க்கும் இடையில் பத்தில் ஆறு மீன், நான்காவது கூடையில் ஒன்பது. எந்த வடிவத்துக்கும் உறுதியாகச் சொல்லக்கூடியது ரஷ்யக் கணிதர் செபிஷெவ் காட்டியதுதான்: இரண்டு நியம விலகலுக்குள் குறைந்தது 75 வீதம். வரையம் மணி மாதிரி இல்லையென்றால் 68ஐ எழுதாதீர்கள்.

வித்தியாசம் உண்மையானதா, தற்செயலா

பத்து மீனில் கிடைத்த நியம விலகலை எவ்வளவு நம்பலாம்? குடித்தொகை மணி வடிவம் என்று எடுத்துக்கொண்டால், பத்தின் மாதிரியில் இருந்து உண்மையான நியம விலகலுக்கான 95 வீத நம்பிக்கை எல்லை, கிடைத்த எண்ணின் 0.69 மடங்கில் இருந்து 1.83 மடங்கு வரை ஓடும். கரைவலையின் 2.58க்கு அது 1.78இல் இருந்து 4.71 வரை. நாற்பது மீன் அளந்தால் 0.82இல் இருந்து 1.28 மடங்குக்குள் அடங்கும். ஆகவே பத்து மீன் வைத்துக்கொண்டு ஒரு கூடை 2.6, மற்றது 3.1 என்று கண்டு, இதில் மாறல் கூட என்று எழுதினால் அதற்கு அடித்தளம் இல்லை. அளக்கிறதுதான் அளக்கிறீர்கள், நாற்பதாவது அளங்கள்.

எங்கள் இரண்டு வலைக்கும் மாறற்றிறன்களின் விகிதம் 60க்கு 6, அதாவது 10. இப்படியான விகிதம் தற்செயலால் வரக்கூடியதா என்று பார்ப்பது எஃப் சோதனை, பத்துப் பத்து மாதிரிக்கு அதன் இருபக்க 5 வீத எல்லை 4.03. பத்து அதைத் தாண்டிப் போய்விட்டது, தற்செயல் என்று சொல்வது கடினம். ஆனால் கவனம், நான்காவது கூடையைச் செவுள்வலையோடு வைத்து எஃப் சோதனை செய்தாலும் விகிதம் அதே 10தான் வரும், அந்த முழு வித்தியாசமும் ஒரு மீனால் வந்தது. எஃப் சோதனை மணி வடிவத்தை நம்பி நிற்கிறது, ஒற்றை மீன் தள்ளி நின்றால் ஏமாந்துவிடும். அதனால் பிரவுனும் ஃபோர்சைத்தும் 1974இல் முன்வைத்த வழி எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு மீனும் இடையத்தில் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற அளவில்) இருந்து எவ்வளவு தூரம் என்று குறி பார்க்காமல் எழுதி, அந்தத் தூரங்களின் சராசரிகளை வழமையான முறையில் ஒப்பிடுவது. செவுள்வலைக்கு அது 0.6, கரைவலைக்கு 2.0, நான்காவது கூடைக்கு 1.2. பெரிய மீன் தன் பங்கை மட்டும் கேட்கிறது, முழுவதையும் அல்ல.

இன்னொரு பொறி நியம வழு. நியம விலகலை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிரித்தால் வருவது, இடையை எவ்வளவு துல்லியமாக மதிப்பிட்டிருக்கிறோம் என்பதைச் சொல்வது. கரைவலைக்கு 2.58ஐ 3.16ஆல் பிரித்தால் 0.82. செவுள்வலையின் நியம விலகல் எவ்வளவு? அதுவும் 0.82! ஒரு அறிக்கை 15 ± 0.82 என்று நியம வழுவையும், இன்னொன்று 15 ± 0.82 என்று நியம விலகலையும் போட்டிருந்தால் இரண்டு வலையும் ஒன்றாகிவிடும். மீன் கூடக் கூட நியம வழு சுருங்கும், நியம விலகல் அப்படிச் சுருங்காது, அது மீனின் குணம். கூட்டல் கழித்தல் குறிக்குப் பின்னால் நிற்பது எது என்று எழுதாத அறிக்கையை நம்பவேண்டாம், நீங்களும் எழுதாமல் விடவேண்டாம்.

நியம விலகலே பொருந்தாத இடங்கள்

நெத்தலியையும் அறுக்குளாவையும் ஒப்பிட்டால் என்ன செய்வது? நெத்தலி இடை 7, நியம விலகல் 0.7 என்றும், அறுக்குளா இடை 80, நியம விலகல் 4 என்றும் வைத்தால், 4 பெரிது என்று சொல்லிப் பயனில்லை, மீனே பெரிது. நியம விலகலை இடையால் பிரித்தால் வருவது மாறற் குணகம்: நெத்தலிக்கு 10 வீதம், அறுக்குளாவுக்கு 5. தன் அளவுக்கு நெத்தலிதான் கூடுதலாக வேறுபடுகிறது. நீளம், நிறை, விலை என்று உண்மையான பூச்சியம் உள்ளவற்றுக்கு இது சரி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு இதைச் செய்யாதீர்கள். ஏழு கிணற்றிலும் சூடு ஒன்றல்ல என்பது கையை வைத்தாலே தெரியும், வெப்பமானி கொண்டு போய் நியம விலகல் எடுங்கள், நல்ல செயற்றிட்டம். ஆனால் இடை 40 பாகை செல்சியஸ், நியம விலகல் 2 என்று வந்தால் மாறற் குணகம் 5 வீதம், அதையே பரனைட்டுக்கு மாற்றினால் 104, 3.6 என்று ஆகி 3.5 வீதம். தண்ணீர் அதேதான், குணகம் மட்டும் மாறிவிட்டது. செல்சியஸ் பூச்சியம் நாங்கள் வைத்த பூச்சியம் என்பதுதான் காரணம்.

மழைக்கும் நியம விலகல் தடுமாறும். திருமலைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்குமான வாடையில்தான், அதுவும் நாளுக்கு நாள் ஒரே மாதிரிப் பெய்வதில்லை, ஒரு நாள் கொட்டும், பல நாள் காயும். பத்து நாள் மழையை மில்லிமீற்றரில் 0, 0, 0, 0, 0, 0, 2, 5, 18, 75 என்று வைத்துப் பாருங்கள். இடை 10, நியம விலகல் 23.5. இடையில் இருந்து ஒரு நியம விலகல் கழித்தால் மறை 13.5 மில்லிமீற்றர் மழை! வரையத்தைப் பார்த்தால் இடப்பக்கம் ஒரு பெரிய தூண், வலப்பக்கம் நீண்ட வால். இப்படியான இடத்தில் இடையத்தையும் காலணையிடை வீச்சையும் (நடுப்பாதித் தரவு பரவியிருக்கிற தூரத்தையும்) கொடுங்கள், இங்கே இடையம் 0, காலணையிடை வீச்சு 5, அதோடு ஆகக்கூடிய ஒருநாள் மழையையும் தனியாகச் சொல்லுங்கள், வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு அந்த 75தான் வேண்டும். ஆகக்கூடியதில் இருந்து ஆகக்குறைந்ததைக் கழிக்கிற சாதாரண வீச்சைப் பெரிதாக நம்பவேண்டாம், இரண்டே இரண்டு தரவில் அது தொங்குகிறது, மாதிரி பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடிக்கொண்டு போகும்.

எழுதும்போது இப்படி எழுதலாம்: "கரைவலைச் சூடை 10, நீளத்தின் இடை 15.0 சென்ரிமீற்றர், நியம விலகல் 2.6, செவுள்வலைச் சூடை 10, இடை 15.0, நியம விலகல் 0.8. நீளம் மூக்கில் இருந்து வாலின் பிளவு வரை. இரண்டு வரையத்திலும் தனித்து நிற்கும் மீன் இல்லை, கரைவலையில் மீன்கள் 11இல் இருந்து 19 வரை ஏறத்தாழச் சீராகப் பரவியுள்ளன, செவுள்வலையில் எல்லாம் 14–16க்குள் அடங்குகின்றன." படத்தின் அடியில் வகுப்பு அகலத்தையும் தொடங்கிய இடத்தையும் போடுங்கள், இடம் இருந்தால் அளந்த எண்களையும் பின்னிணைப்பில் கொடுத்துவிடுங்கள், சந்தேகம் உள்ளவர் வேறு அகலத்தில் தானே வரைந்து பார்க்கட்டும்.